கல்தச்சர் கருவியும் சகோதரர் சபையும்

250 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் தொடரும் ஃப்ரீமேசன் மரபு

ஃப்ரீமேசன் சங்கம் என்பது ஒழுக்கம், சகோதரத்துவம், தருமம் ஆகிய மூன்றையும் கல்தச்சர்களின் கருவிகளை உவமையாக வைத்து உறுப்பினர்களுக்குப் போதிக்கும் உலகளாவிய அமைப்பு. அதன் ஊர்க்கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். தமிழ்நாட்டில் லாட்ஜ் என்றதும் பேருந்து நிலையத்தை ஒட்டி அறை வாடகைக்குக் கிடைக்கும் விடுதிதான் நினைவுக்கு வரும். இந்தச் சங்கத்தில் அந்தச் சொல் வேறு பொருளில் வழங்குகிறது. ஐரோப்பாவில் பெரிய தேவாலயங்கள் எழும்பிய காலத்தில், வேலை நடக்கும் இடத்தின் ஓரமாகக் கல்தச்சர்கள் போட்டுக்கொண்ட கொட்டகைதான் முதல் லாட்ஜ். கல் செதுக்கியது, கருவிகளைப் பத்திரப்படுத்தியது, உண்டு இளைப்பாறியது, தொழில் வழக்குகளைப் பேசித் தீர்த்தது எல்லாம் அந்தக் கூரையின் கீழேதான்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இந்தச் சங்கத்தோடு நேரடியான ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. இன்றைய இந்த இரண்டு மாவட்டங்களும் 1995 வரை திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர்களுள் ஒருவர் அந்தப் பழைய திருச்சிச் சீமையின் தலைநகரில்தான் உறுதிமொழி எடுத்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அரியலூரையும் உடையார்பாளையத்தையும் படையெடுத்துப் பிடித்தவரும் அவரே.

கொட்டகையிலிருந்து சபைக்கு

இடைக்காலக் கல்தச்சர் ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர். புதிய ஊரில் இறங்கியதும், தான் முறையாகத் தொழில் கற்றவன் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கையில் சான்றிதழ் கிடையாது. ஆகவே தொழிலாளர்களுக்குள் மட்டும் வழங்கிய இரகசியச் சொல்லும் அடையாளமும் சான்றிதழ் வேலையைச் செய்தன. ஃப்ரீமேசன்களைப் பற்றி இன்றுவரை பேசப்படும் இரகசியத்தின் வேர் இந்தத் தொழில் தேவையில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் மன்னரின் கட்டடப் பணிகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா 1598-லும் 1599-லும் லாட்ஜுகளுக்கான விதிகளை எழுதினார். எடின்பரோ லாட்ஜின் கூட்டக் குறிப்புகள் 1599-லிருந்தே கிடைக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் கல் வேலையே தெரியாத கனவான்களும் அறிஞர்களும் லாட்ஜுகளில் சேரத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல் 1646-இல் வாரிங்டன் ஊரில் சேர்ந்ததைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். தேவாலயக் கட்டுமானம் குறையக் குறைய, கல் செதுக்கும் சபை மெல்ல மனிதனைச் செதுக்கும் சபையாக மாறியது.

1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடி ஒரு தலைமைச் சபையை அமைத்தன. உலகின் முதல் கிராண்ட் லாட்ஜ் அதுவே. ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் 1723-இல் வெளிவந்தது. மதச் சண்டைகளால் இங்கிலாந்து இரத்தம் சிந்தி முடித்திருந்த காலம் அது. எந்த மதப்பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் நல்லவராகவும் நேர்மையானவராகவும் இருந்தால் போதும் என்று அந்த விதிநூல் சொன்னதன் அருமை அந்தப் பின்னணியில்தான் விளங்கும். ஜார்ஜ் வாஷிங்டன் 1752-லும், வால்ட்டேர் 1778-லும், இசைமேதை மொசார்ட் 1784-லும் இந்தச் சங்கத்தில் சேர்ந்தார்கள்.

மூலைமட்டமும் தூக்குக்குண்டும்

சங்கத்தின் அடையாளச் சின்னம் மூலைமட்டமும் கவராயமும். இரண்டும் எந்தக் கொத்தனாரும் தச்சரும் கையாளும் கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் லாட்ஜில் ஓர் அறப்பொருள் சொல்லப்படுகிறது. மூலைமட்டம், நடத்தை கோணாமல் இருக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறது. கவராயம், ஆசைக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொல்கிறது. சமன் பார்க்கும் மட்டம், மனிதர்கள் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்பவர்கள் என்று உணர்த்துகிறது. தூக்குக்குண்டின் நூல், நேராக நில் என்கிறது. 24 அங்குல அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது. இறைவழிபாடு, உழைப்பு, பிறருக்கு உதவி, ஓய்வு என்று நாளைப் பகுத்து வாழ அது கற்பிக்கிறது.

கருவிகளோடு இரண்டு கற்களும் லாட்ஜில் வைக்கப்பட்டிருக்கும். ஒன்று பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தபடியே இருக்கும் கரடுமுரடான கல். மற்றொன்று எல்லாப் பக்கமும் செதுக்கி மெருகேற்றிய கல். புதிதாக வருபவர் முதல் கல்லாக நுழைகிறார். வாழ்நாள் முழுவதும் தன்னைத் தானே செதுக்கி இரண்டாவது கல்லாக ஆக முயல வேண்டும் என்பது பாடம்.

கல்லும் உளியும் சொல்லும் பாடம் இந்த மண்ணுக்கு அந்நியமானதாகத் தோன்றாது. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயிலின் விமானம், மட்டமும் நூலும் பிடித்த தச்சர்களின் கைத்திறனால் எழுந்தது. அவன் தந்தை கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் தலைமைத் தச்சர் பெயரைக் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று கல்வெட்டு காத்துவைத்திருக்கிறது. ஐரோப்பியக் கல்தச்சருக்கு இருந்தது போலவே, தமிழ்க் கல்தச்சருக்கும் குருவிடம் இருந்து கற்ற மரபும், கைவிடாத முறைமையும், தொழில் பெருமையும் இருந்தன.

சபை கூடும் விதம்

லாட்ஜில் மூன்று படிகள் உண்டு. தொழில் பயில வந்தவர் முதற்படி. தொழில் கற்ற தோழர் இரண்டாம் படி. ஆசான் மூன்றாம் படி. ஒவ்வொரு படியும் ஒரு சடங்கு நாடகமாக நடத்தப்படுகிறது. அதன் வசனங்களை உறுப்பினர்கள் மனப்பாடம் செய்தே சொல்கிறார்கள். சாலமோன் மன்னர் எருசலேமில் கட்டிய ஆலயத்தின் கதைதான் அந்த நாடகத்தின் களம். மூன்றாம் படியின் மையம் மரணம். உயிர் போனாலும் கொடுத்த வாக்கை மீறாத ஆசானின் கதை அதில் சொல்லப்படுகிறது.

கூட்ட மண்டபத்தின் தரை கருப்பும் வெள்ளையுமான கட்டங்களால் ஆனது. இன்பமும் துன்பமும் கலந்த வாழ்க்கையை அது குறிக்கிறது. தலைவர் கிழக்கில் அமர்கிறார், சூரியன் உதிக்கும் திசை என்பதால். இரண்டு துணைத் தலைவர்கள் மேற்கிலும் தெற்கிலும் அமர்கிறார்கள். பொருளாளர், செயலாளர் முதலியோருக்கும் தனித்தனி இடமும் கடமையும் உண்டு. மூடிய கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ஒருவர் காவல் நிற்பார். எல்லோரும் வெள்ளை ஆட்டுத்தோல் மரபில் வந்த முன்துணியை இடுப்பில் கட்டியிருப்பார்கள். நீதிபதியும் வணிகரும் எழுத்தரும் ஒரே வேலைத்துணியோடு அமர்வதுதான் அந்த உடையின் கருத்து.

மண்டபத்தின் நடுவே மறைநூல் திறந்திருக்க வேண்டும். இறைநம்பிக்கை உள்ளவர் மட்டுமே உறுப்பினராக முடியும். எந்த இறைவன் என்று கேட்பதில்லை. இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், பார்சிகளின் அவெஸ்தா ஆகியவற்றை அருகருகே வைத்துத் திறக்கிறார்கள். புதியவர் தம் மறைநூலின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்கிறார். மதத்தைப் பற்றியும் கட்சி அரசியலைப் பற்றியும் லாட்ஜுக்குள் வாதிடத் தடை இருக்கிறது. மனிதர்களைப் பிரிக்கும் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது 18-ஆம் நூற்றாண்டிலிருந்து மாறாத விதி.

சேர விரும்புபவரை உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிகிறார்கள். பிறகு இரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. வெள்ளைக் குண்டு சம்மதம், கருப்புக் குண்டு மறுப்பு. கருப்புக் குண்டு ஓரிரண்டு விழுந்தாலே விண்ணப்பம் தள்ளப்படும். தலைவர் பதவி ஆண்டுக்கொரு முறை கைமாறுகிறது. பதவியேற்பு நாள்தான் லாட்ஜின் ஆண்டுத் திருவிழா. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உண்பது வழக்கம். அந்த விருந்தில் வர இயலாமல் போன சகோதரர்களையும் மறவாமல் நினைவுகூர்கிறார்கள். நோயில் விழுந்த உறுப்பினரைப் பார்க்கப் போவதும், இறந்தவரின் மனைவி மக்களுக்கு உதவுவதும் தொடக்கம் முதலே லாட்ஜின் கடமைகள். காப்பீடும் ஓய்வூதியமும் இல்லாத காலத்தில் அந்த உதவி ஒரு குடும்பத்தையே காத்தது.

அரியலூரை வென்ற இளவரசர்

இந்தியாவின் முதல் லாட்ஜ் 1730-இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் தொடங்கியது. சென்னையில் 1752-இல் முதல் லாட்ஜ் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் படைவீரர்களும்தான் அன்றைய உறுப்பினர்கள். படைப்பிரிவோடு கூடவே இடம்பெயரும் லாட்ஜுகளும் இருந்தன. பெரிய படைத்தளமாக விளங்கிய திருச்சிக்கு இந்தச் சங்கம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அப்போது திருச்சிச் சீமை ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் ஆட்சியில் இருந்தது. 1751-இல் பெரம்பலூர் அருகே உள்ள ரஞ்சன்குடிப் பகுதியில் அவருடைய தரப்பும், நவாப் பதவிக்கு அவரோடு போட்டியிட்ட சந்தா சாகிப்பின் தரப்பும் மோதின. அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் திறையைப் பாக்கி வைத்ததாகவும், மதுரை முற்றுகைக்குப் படை அனுப்பாததாகவும் நவாப் பின்னாளில் குற்றம் சாட்டினார். 1765 ஜனவரி 3 அன்று அவருடைய மூத்த மகன் உம்தத்-உல்-உமராவும் கம்பெனித் தளபதி டொனால்டு காம்பெலும் அரியலூர் மீது படை நடத்தினர். அரியலூர் வீழ்ந்தது. இளம் பாளையக்காரர் உடையார்பாளையத்துக்குத் தப்பினார். ஜனவரி 19 அன்று உடையார்பாளையமும் பிடிபட்டது. இரண்டு பாளையக்காரர்களும் டேனியர்களின் தரங்கம்பாடியில் தஞ்சம் புகுந்தனர்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 1775-ஐ ஒட்டி, அதே உம்தத்-உல்-உமரா திருச்சியில் ஃப்ரீமேசனாக உறுதிமொழி எடுத்தார். செய்தி லண்டனை எட்டியபோது அங்கே பெருமகிழ்ச்சி. பூவேலை செய்த முன்துணியையும் அழகாக அட்டை கட்டிய விதிநூலையும் வாழ்த்து மடலோடு அனுப்பிவைக்க கிராண்ட் லாட்ஜ் முடிவு செய்தது. வங்காளத்தின் தலைமை அரசு வழக்கறிஞராகப் பதவியேற்க வந்த சர் ஜான் டே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். இளவரசர் பாரசீக மொழியில் எழுதிய நன்றி மடல் 1780-இல் லண்டன் சபையில் வாசிக்கப்பட்டது. பெரும்பாலும் ஐரோப்பியக் கிறித்தவரே நிறைந்திருந்த ஒரு சங்கம், இஸ்லாமிய இளவரசர் ஒருவரைச் சகோதரர் என்று அழைத்தது உண்மையிலேயே பெரிய நிகழ்ச்சி.

அந்தச் சகோதரத்துவம் லாட்ஜின் சுவரைத் தாண்டவில்லை. உம்தத்-உல்-உமரா 1795-இல் நவாப் ஆனார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, சீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி நவாப் குடும்பம் திப்புவோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்று கம்பெனி குற்றம் சாட்டியது. 1801 ஜூலையில் நவாப் இறந்தார். அந்த மாதமே, நவாபின் ஆளுகையில் இருந்த கர்நாடக நாட்டின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரியலூரும் உடையார்பாளையமும் அடங்கிய திருச்சிச் சீமை அப்படித்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கடற்கரையில் ஒரு மண்டபம்

சென்னையில் இன்றும் இயங்கும் பழமையான லாட்ஜின் பெயர் பெர்ஃபெக்ட் யூனானிமிட்டி. முழுமையான ஒருமனம் என்பது அதன் பொருள். 1786-இல் தொடங்கிய இந்த லாட்ஜ் இன்றும் 150 என்ற எண்ணோடு இங்கிலாந்தின் தலைமைச் சபையின் கீழ் இருக்கிறது. மெரினா கடற்கரைச் சாலையில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகத்தின் பழைய கட்டடம் இந்த லாட்ஜுக்காக 1839-இல் கட்டப்பட்டதுதான். 1865-இல் காவல்துறை அதை வாடகைக்கு எடுத்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. 1990-களில் இடிபடவிருந்த அந்தக் கட்டடம் மரபுக் கட்டட ஆர்வலர்களின் முயற்சியால் தப்பியது. எழும்பூரில் இன்றைய எத்திராஜ் சாலையில் உள்ள ஃப்ரீமேசன் மண்டபம் 1920-களில் எழும்பியது. பல லாட்ஜுகள் அங்கே முறைவைத்துக் கூடுகின்றன.

திருச்சியில் மலைக்கோட்டையை நினைவூட்டும் ராக் லாட்ஜ் என்ற பெயரில் சங்கம் தொடர்ந்தது. படைத்தளமும் பின்னர் தென்னிந்திய ரயில்வேயும் அமைந்த ஊர் என்பதால் அங்கே உறுப்பினர்கள் குறையவில்லை.

கதவு திறந்த கதை

எல்லா மனிதரும் சமம் என்று மட்டத்தை உயர்த்திக் காட்டிய சங்கம், தன் கதவை எல்லோருக்கும் உடனே திறந்துவிடவில்லை. அமெரிக்காவில் கருப்பினத்தவரை வெள்ளையர் லாட்ஜுகள் ஏற்க மறுத்தன. பாஸ்டன் நகரத்துக் கருப்பினத் தலைவர் பிரின்ஸ் ஹால், லண்டனுக்கு எழுதி 1784-இல் தம் மக்களுக்கென்று தனி லாட்ஜுக்கு அனுமதி வாங்கினார். அந்த மரபு அவர் பெயரிலேயே இன்றும் வாழ்கிறது.

இந்தியாவில் இளவரசர்களுக்குக் கதவு எளிதில் திறந்தது. நடுத்தர வகுப்பு இந்தியருக்குத் திறக்கவில்லை. 1843-இல் பம்பாயில் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற மருத்துவர், பார்சிகளும் இஸ்லாமியரும் சேர வழிவகுத்து ரைசிங் ஸ்டார் லாட்ஜைத் தொடங்கினார். இந்துக்களின் நிலை இன்னும் சிக்கலாக இருந்தது. பல தெய்வங்களை வணங்குபவரை ஒரே இறைவனை நம்புபவராக எப்படி ஏற்பது என்று வங்காளத்துச் சங்க அதிகாரிகள் தடை எழுப்பினர். கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத் 1863-இல் விண்ணப்பித்தார். ஒன்பது ஆண்டுகள் விடாமல் போராடி 1872-இல் உறுப்பினரானார். அவர் திறந்த வழியில் பலர் வந்தார்கள். பின்னாளில் விவேகானந்தராக உலகம் அறிந்த நரேந்திரநாத் தத்தர் 1884-இல் கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் சேர்ந்தார். சென்னையில் முதன்மையாக இந்தியர்களுக்கென்றே 1883-இல் கர்நாட்டிக் லாட்ஜ் தொடங்கியது. லாகூர் லாட்ஜில் 1886-இல் சேர்ந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங், பல மதத்தாரும் அங்கே சகோதரர்களாக அமர்ந்ததை வாழ்நாள் முழுவதும் நினைத்துப் போற்றினார்.

நாடு விடுதலை பெற்ற பிறகு, 1961 நவம்பர் 24 அன்று புதுதில்லியில் கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டது. இராம்பூர் நவாப் ரஸா அலி கான் அதன் முதல் தலைவர். வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு என்று நான்கு மண்டலங்களாக அது இயங்குகிறது. தெற்கு மண்டலத்தின் இருப்பிடம் சென்னை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து சபைகளின் கீழேயே தொடர விரும்பிய லாட்ஜுகள் அப்படியே தொடர்கின்றன.

பெண்களுக்கு மட்டும் முதன்மைச் சங்கத்தின் கதவு இன்றும் திறக்கவில்லை. 1893-இல் பாரிஸ் நகரில் மரியா டெரேம் முன்னின்று ஆண், பெண் இருபாலாரும் சேரும் தனிச் சங்கத்தை அமைத்தார். அன்னி பெசன்ட் அம்மையார் 1902-இல் அதில் சேர்ந்து பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். அவர் தலைமையேற்ற பிரம்மஞான சபையின் அடையாறு வளாகத்தில் பெண்களும் சம உரிமையோடு அமரும் லாட்ஜ் அமைந்தது. முதன்மைச் சங்கம் அந்த மரபைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை.

ஐயமும் அறப்பணியும்

மூடிய கதவு எப்போதும் ஐயத்தை வளர்க்கும். 1738-இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட், கத்தோலிக்கர் இதில் சேரக் கூடாது என்று ஆணையிட்டார். அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியும் பிராங்கோவின் ஸ்பெயினும் லாட்ஜுகளை ஒழித்து உறுப்பினர்களைச் சிறையில் தள்ளின. பாகிஸ்தான் 1972-இல் தடை செய்தது. வட இந்திய நகரங்களில் லாட்ஜ் கட்டடத்துக்கு மக்கள் வைத்த பெயர் ஜாதுகர், அதாவது மந்திர வீடு. அந்த வீட்டுக்குள் மந்திரம் எதுவும் இல்லை. சடங்குகளும் விதிகளும் பல காலமாக அச்சில் கிடைக்கின்றன. கட்டடங்களில் பெயர்ப்பலகை தொங்குகிறது. உறுப்பினர் ஒருவரையொருவர் அறியும் குறிகள் மட்டுமே இரகசியமாக மிஞ்சியிருக்கின்றன.

சங்கம் தன்னைப் பற்றிப் பேசியதைவிட அதன் தருமப் பணிகள் அதிகம் பேசியிருக்கின்றன. கோயம்புத்தூரில் மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை ஊர் அறிந்த நிறுவனம். தில்லியில் மேசானிக் பள்ளி நடக்கிறது. ஊர்ப் பெரியவர்களும் தொழில் செய்பவர்களும் மாதந்தோறும் கூடி, ஆண்டுக்கொரு தலைவரைத் தேர்ந்து, சேர்ந்து உண்டு, பொதுப்பணி செய்யும் வழக்கத்தைப் பின்வந்த சேவைச் சங்கங்கள் பரவலாக்கின. ரோட்டரி 1905-லும் லயன்ஸ் 1917-லும் சிகாகோவில் பிறந்தன. லயன்ஸ் சங்கத்தைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் ஒரு ஃப்ரீமேசன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் கண் சிகிச்சை முகாமும் இரத்ததான முகாமும் நடத்தும் சேவைச் சங்கங்களின் அமைப்பு முறையில் பழைய லாட்ஜின் சாயலைக் காணலாம்.

ஊட்டத்தூர் உறுதிமொழி

உறுதிமொழியால் கட்டிய சகோதரத்துவத்துக்கு இந்தப் பகுதியிலேயே இன்னும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பாடாலூருக்கு அருகில் உள்ள ஊட்டத்தூர்க் கோயிலில் மூன்றாம் குலோத்துங்க சோழனின் 40-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உண்டு. காலம் 1218-ஐ ஒட்டியது. அன்று வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த சாதித் தொகுதிகளில், இடங்கை வகுப்பின் 98 பிரிவினரும் கூடி எடுத்த முடிவை அது பதிவு செய்கிறது. காசிப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தில் தோன்றியவர்கள் தாங்கள் என்று முதலில் தங்கள் தோற்றக் கதையைச் சொல்கிறார்கள். இனி ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக நடப்பது என்றும், ஒருவருக்கு வரும் நன்மை தீமையை எல்லோரும் ஏற்பது என்றும் உறுதி செய்கிறார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காணக் கொம்பு, சங்கு, கொக்கிறகு போன்ற சின்னங்களையும் வகுத்துக்கொள்கிறார்கள்.

தோற்றக் கதை, உறுதிமொழி, அடையாளச் சின்னம், இன்பதுன்பத்தில் பங்கு: லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடியதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, காவிரிக்கு வடகரையில் இந்த நான்கும் கல்லில் ஏறிவிட்டன. இரண்டுக்கும் இடையே தொடர்பு ஏதும் இல்லை. துணையின்றித் தனித்து நிற்க முடியாத மனிதர்கள் எந்த நாட்டிலும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்தார்கள். குறையிலும் இரண்டும் ஒத்தவை. இடங்கையார் தங்களுக்குள் ஒரு தாய் மக்களானார்கள்; வலங்கையாரோடு கொண்ட பகை பின்வந்த நூற்றாண்டுகளிலும் ஓயவில்லை. ஃப்ரீமேசன்கள் திருச்சியில் இளவரசரை அணைத்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் ஒரு வணிகரை ஒன்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்தினார்கள்.

சகோதரத்துவம் பேசும் எந்தச் சங்கத்தையும் அதன் உறுதிமொழியின் அழகை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது. கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஃப்ரீமேசன் சங்கம் 250 ஆண்டுகளில் வெகுதூரம் வந்திருக்கிறது. ஐந்து மதத்தின் மறைநூல்களை ஒரே பீடத்தில் திறந்துவைத்தது அதன் மாபெரும் சாதனை. பெண்களின் முன் மூடிக்கிடக்கும் கதவு அதன் தீராத கடன். எல்லோரும் ஒரே தளத்தில் நிற்பவர்கள் என்று சமன்மட்டம் கற்பிக்கும் பாடத்தில், ஆண் என்றும் பெண் என்றும் பிரித்துப் பார்க்க இடமே இல்லை.